அமாவாசைக்கு வரும் ஒப்புதல்

"தட்டுல இன்னும் இட்லி இருக்குதா?" என்று வக்கீல் நமச்சிவாயம் கேட்டார்.

தட்டு அவருக்கு எதிரில்தான் இருந்தது. சட்னிக் கிண்ணத்தோடு அடுப்படியிலிருந்து வந்த புவனேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"உங்க மூக்குக்கு நேரா ரெண்டு இருக்குது. எதிர்ல இருக்கிறதை என்னைக் கேட்கிறீங்களே!"

"வக்கீல் எதையும் தானா முடிவு பண்ண மாட்டான் புவனா. சாட்சியைக் கேட்டுத்தான் பண்ணுவான். சாட்சி ரெண்டுன்னா ரெண்டு."

இரண்டையும் சாப்பிட்டார். அன்றைக்கு இலைக்காரம்மா லோகாம்பாள் வராததால் வெள்ளைப் பீங்கான் தட்டு. இல்லாவிட்டால் சில மாதங்களாக வாழை இலை போடாமல் அவர் சாப்பிட உட்காருவதே இல்லை. இலையில் சாப்பிட்டால்தான் ருசி என்பார். எழுந்து கை கழுவினார், கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார், வாசலில் நின்று செருப்பைக் காலால் தடவி மாட்டிக்கொண்டு, "வரேன்" என்றார். கோர்ட் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அவர் கேஸைக் கூப்பிட்டபோது அவர் எழுந்திருக்காதது அதுதான் முதல் தடவை என்று கேஸ் கூப்பிடுகிற டவாலி சொன்னான்.

நாலு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, அவர் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கோர்ட்டில் மெமோ தாக்கலாயிற்று.

"படிக்கிறேன் கேளுங்க மேடம்," என்றாள் கௌசர். நமச்சிவாயத்தின் ஜூனியர், இப்போது அந்த ஆபீஸின் ஒரே வக்கீல். ஜட்ஜ் முன்னால் மட்டும் வாயை அடக்குவாள். அடக்கியதையும் சேர்த்து ஆபீஸில் வந்து பேசிவிடுவாள். "'காலமான வழக்கறிஞர் ஒருவர், தாம் காலமான பிறகும் ஆவணத்துக்கு இறுதி ஒப்புதல் வழங்கியிருப்பது எங்ஙனம் என்பதை வாதி தரப்பு விளக்க வேண்டும். விளக்கத் தவறினால் மேற்படி ஆவணத்தைப் போலி என்று தள்ள வேண்டும்.' எதிர்த்தரப்பு வக்கீல் தினகரன் சார் போட்ட மெமோ. ஜட்ஜம்மா திங்கட்கிழமை வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க."

புவனேஸ்வரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அவள் வக்கீல் இல்லை. சின்ன காஞ்சிபுரத்து வீட்டின் முன்னறையில் கணவர் நடத்திய ஆபீஸின் கேஸ் கட்டுகளைக் கட்டிக் காத்தவள். காணாமல் போன வக்காலத்தை ஃபிரிட்ஜின் மேலிருந்தும், ஓடிப்போன சாட்சியைக் கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்தும் எடுத்துக் கொடுத்தவள். கோர்ட் குமாஸ்தாக்கள் அவளுக்கு சி.ஐ.டி. அம்மா என்று பேர் வைத்திருந்தார்கள்.

"ஒப்புதல்னா, அந்தக் கேஸ்மேடையிலயா?"

"அதுலதான் மேடம். இதுல தமாஷ் என்னன்னா, நம்ம ஆபீஸ்ல உயிரோட இருந்தவங்க யாரும் டைமுக்கு டிக் போட்டதில்லை. சார் மட்டும்தான் கரெக்டா போட்டிருக்கார்."

கேஸ்மேடை ஒரு மென்பொருள். ஒரு வழக்கின் தாள் அத்தனையும் அதில் ஒரே இடத்தில் இருக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன் போனிலேயே திருத்தலாம். யார் படித்தார், யார் திருத்தினார், யாரிடம் வேலை நிற்கிறது என்பதெல்லாம் பேரோடு தெரியும். வேலை முடிந்தால் டிக் போட வேண்டும். எல்லோரும் போட்ட பிறகு பெரியவர் போடும் கடைசி டிக்தான் இறுதி ஒப்புதல். அது விழாமல் தாள் கோர்ட்டுக்குப் போகாது. இதை வாங்கி வைத்தவரே நமச்சிவாயம்தான். கால்குலேட்டரைக்கூடச் சந்தேகமாகப் பார்க்கிற மனிதர், இரண்டு வருடத்துக்கு முன் திடீரென்று, "இனிமே காகிதம் வேணாம், எல்லாம் திரையில" என்று ஆரம்பித்தபோது ஆபீஸே வாயைப் பிளந்தது. கோர்ட்டிலும் அவர் காகிதத்தைத் தொடுவதை விட்டுவிட்டார். தேதி, சர்வே எண், சாட்சி போன வருடம் சொன்ன வார்த்தை எல்லாம் வாயிலிருந்தே வந்து விழும். 'பேப்பர் பார்க்காத வக்கீல்' என்று பேர் பரவி, செங்கல்பட்டிலிருந்து ஜூனியர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"எந்தக் கேஸு?" என்று கேட்டாள் புவனேஸ்வரி. அவளுக்கே தெரியும். இருந்தாலும் கேட்டாள்.

"குமாரவேல் அண்ணன் கேஸு."

பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறி உள்ள தெரு ஒன்று. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சீர் பார்க்க வேண்டும். இழுத்துக் கட்டிய அந்த நூலுக்குப் பாவு என்று பேர். பாவு வீட்டுக்குள் அடங்காது. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வேண்டும். அந்த முனையில் புதிதாக வந்த பட்டு ஷோரூம், கார் நிறுத்துவதற்காகத் தெருவை மறித்து இரும்புக் கேட் போட்டது. தெருக்காரர்கள் சார்பில் நெசவாளி குமாரவேல் வாதியானார். நமச்சிவாயம் தடையுத்தரவு வாங்கிக் கேட்டைத் திறக்க வைத்தார். இப்போது தடையை நீட்டிக்கக் குமாரவேல் கொடுத்த பிரமாண வாக்குமூலம் போலி என்று தள்ளப்பட்டால் தடையுத்தரவும் கூடவே போகும். செவ்வாய்க்கிழமை விடிந்தால் கேட் மூடியிருக்கும். முற்றத்தைத் தாண்டாத வீடுகளில் பாவை எங்கே கொண்டுபோய் நீட்டுவது?

"இந்த ஒப்புதல் விஷயம் தினகரனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கௌசர் காதைச் சொறிந்தாள். "நான்தான் குடுத்தேன். தாக்கலுக்கு பிரிண்ட் எடுத்தப்போ, யார் யார் டிக் போட்டாங்கன்னு கடைசியா ஒரு பக்கம் வரும். அதையும் சேர்த்துப் பின் அடிச்சுட்டேன்."

"சார் பேர் இருந்ததைப் பார்க்கலையா?"

"பச்சையா இருந்துச்சு மேடம். பச்சைன்னா போலாம். சிக்னல்ல நின்னு, யாரு பச்சை போட்டதுன்னா கேட்கிறோம்?"

"மத்த கேஸுக்கெல்லாம் கடைசி டிக் யாரு?"

"நான்தான். என் பேருக்கு மாத்திக்கினேன்."

"இதை மட்டும் ஏன் மாத்தலை?"

கௌசர் கம்ப்யூட்டர் திரையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். "சார் கடைசியா எடுத்த கேஸு. பேரை எடுக்கலாம்னு போனேன். கை வரலை மேடம். இருந்துட்டுப் போகட்டும், யாரு பார்க்கப் போறான்னு விட்டேன். தாள் ஏத்தும்போதெல்லாம் அதுவா சார் பேருக்கு வேலை அனுப்பிக்கினே இருந்திருக்குது."

புவனேஸ்வரி அவளைத் திட்டவில்லை. வாசல் பலகையில் இன்னும் அவர் பேர்தான் இருந்தது.

"சரி, அவர் கணக்குக்குள்ள போய்ப் பாரு."

கௌசர் ஆபீஸ் பாஸ்வேர்டைத் தட்டி உள்ளே நுழைந்தாள். திரை விரிந்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"யா அல்லா! எழுத்தா இது, சினிமா போஸ்டரா?"

ஒவ்வொரு எழுத்தும் எலுமிச்சம்பழம் பருமன் இருந்தது. ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் பிடித்தது.

"அளவைக் கடைசி வரைக்கும் ஏத்தி வச்சிருக்குது மேடம். இதுக்கு மேல பெரிசாகாது. பேய்க்கு வெள்ளெழுத்து போல."

சார் போன பிறகு மூன்று டிக். மூன்றும் குமாரவேல் கேஸில். செவ்வாய் ஒன்று, அடுத்த மாதம் வியாழன் ஒன்று, அதற்கடுத்த மாதம் வெள்ளி ஒன்று. இன்னொன்றையும் கேஸ்மேடை காட்டிக் கொடுத்தது: ஒவ்வொரு டிக்குக்கும் முன்னால் தாள் காலையிலிருந்து மத்தியானம் வரை திறந்தே இருந்திருக்கிறது.

"சின்ன வாக்குமூலத்துக்கு அரை நாளா? பேய் எழுத்துக்கூட்டிப் படிக்குது மேடம்."

"நம்ம ஆபீஸ் பாஸ்வேர்ட் தெரிஞ்சு, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவங்க யாரு?" என்றாள் புவனேஸ்வரி.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: "விமல்ராஜ்!"

விமல்ராஜ் அந்த ஆபீஸின் இன்னொரு ஜூனியராக இருந்தவன். சார் போன மறு மாதமே தினகரனிடம் போய்ச் சேர்ந்துவிட்டான்.

மறுநாள் கோர்ட்டுக்கு எதிர் டீக்கடையில் அவனைப் பிடித்தார்கள். பஜ்ஜியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துச் சோதித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மேடம். நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். நான் இல்லை."

"நாங்க இன்னும் கேட்கவே இல்லையே," என்றாள் கௌசர். "திருடன் மாதிரியே பேசுறியே."

"மூணு தேதியும் மெமோவுல இருக்குது கௌசரு, டைப் அடிச்சதே நான்தான். மூணும் கோர்ட் நாள். காலைலேர்ந்து மத்தியானம் வரைக்கும் நான் எங்க நின்னுக்கினு இருந்தேன்? உன் எதிர்ல. செவ்வாய்க்கிழமை என்னைத் துரோகின்னே. வியாழக்கிழமை கட்சி மாறின்னே. வெள்ளிக்கிழமை..."

"வெள்ளிக்கிழமை என்ன சொன்னேன்?"

"அதை மேடம் எதிர்ல சொல்ல முடியாது."

கௌசர் புவனேஸ்வரியைப் பார்த்தாள். "நான் திட்டினதையே அலிபியா வச்சிருக்கான் மேடம். இவனை இனிமே திட்டவே கூடாது."

"நான் அந்தப் பக்கம் போனேன், ஒத்துக்கிறேன்," என்றான் விமல்ராஜ். பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டான். "ஆனா சார் பேர்ல டிக் போடுற அளவுக்கு எனக்குக் கை நீளாது மேடம். ஒண்ணே ஒண்ணு யோசிங்க. வேலை நாள்ல காலைலேர்ந்து மத்தியானம் வரைக்கும் சும்மா உட்கார்ந்து ஒரே தாளைப் படிக்க எவனுக்கு முடியும்?"

டீக்கடைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது. புவனேஸ்வரி எழுந்து போய் அதன் தாளைப் பின்னுக்குப் புரட்டினாள்.

"தேதியைச் சொல்லு கௌசரு."

கௌசர் சொன்னாள். புவனேஸ்வரி விரலை வைத்தாள். விரலுக்குப் பக்கத்தில் கட்டத்தின் மூலையில் ஒரு கறுப்பு வட்டம். அடுத்த தேதி, அங்கேயும் கறுப்பு வட்டம். மூன்றாவதிலும் அதேதான்.

"மேடம், அது அமாவாசை தானே?" கௌசரின் குரல் இறங்கியது. "மூணுமா? மேடம், நான் வீட்டுக்குப் போறேன். எங்கம்மா ஒரு தாயத்து வச்சிருக்காங்க."

"இரும்மா. அமாவாசை பேய்க்கு மட்டுமா சொந்தம்? இந்த ஊர்ல அன்னிக்கு வேற யாருக்கு லீவு?"

கௌசர் தாயத்தை மறந்தாள். அவள் வளர்ந்ததும் இதே ஊர்தான். மாதத்தில் ஒரு நாள் மட்டும் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் காது அடைத்ததுபோல் இருக்கும். அமாவாசையன்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படியோ, அவர்களுக்கு அது.

"தறிக்காரங்க," என்றாள். உடனே முகம் சுருங்கியது. "மேடம், தறிக்காரங்கன்னா நம்ம கட்சிக்காரங்க தெரு ஆச்சே! நம்ம ஆளே எவனோ சார் பேர்ல விளையாடினான்னா, தினகரன் சார் சொல்றது நிஜம்னு ஆயிடும். பேயைக் கண்டுபிடிச்சா கேஸு போச்சு, கண்டுபிடிக்கலைன்னாலும் போச்சு."

"அப்போ கண்டுபிடிச்சுட்டே போகட்டும். அடுத்த அமாவாசை எப்போ?"

விமல்ராஜ் காலண்டருக்குக் கண்ணாடியை ஒட்டவைத்துப் பார்த்தான். "நாளன்னிக்கு. ஞாயிற்றுக்கிழமை." பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, "நான் எதுவும் சொல்லலை. பஜ்ஜி சாப்பிட்டுக்கினு இருந்தேன்," என்றான்.

சனிக்கிழமை கௌசர் தூண்டில் போட்டாள். தினகரனின் மெமோவுக்குப் பதில் எழுதி கேஸ்மேடையில் ஏற்றினாள். எழுத வேண்டிய பதில்தான், கூடுதல் செலவில்லை. கேஸ்மேடை வழக்கம்போல் இறுதி ஒப்புதலுக்கு நமச்சிவாயத்தின் பேருக்கு அனுப்பியது.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் அந்தத் தெருவில் இறங்கினார்கள். மற்ற நாளில் அங்கே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது; வீட்டுக்கு வீடு தறி அடிக்கும். இன்று தாளிக்கிற சத்தம் நாலு வீடு தாண்டிக் கேட்டது. தெருக்கோடியில் ஷோரூமின் இரும்புக் கேட் சுவரோடு சுவராகத் திறந்து கிடந்தது. அதன் மேல் யாரோ லுங்கி காயப் போட்டிருந்தார்கள்.

"எத்தனை வீடு மேடம்! ஒவ்வொரு வீடாத் தட்டி, 'இங்க பேய் இருக்குதா'ன்னா கேட்கிறது?"

"நடந்துக்கினே போ. காதைத் திறந்து வச்சுக்க."

கௌசரின் போன் லேசாகத் துடித்தது. திரையில் நமச்சிவாயத்தின் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி பூத்திருந்தது.

"மேடம்," என்றாள் மூச்சு விடாமல். "சார் ஆன்லைன்ல இருக்கார்."

புவனேஸ்வரி ஒரு கணம் அந்தப் புள்ளியையே பார்த்தாள். பிறகு உதட்டில் விரல் வைத்தாள்.

எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. யாரோ சத்தம் போட்டுப் படிக்கிறார்கள். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தது குரல்.

"'மேற்படி ஆவணத்தில்... மேற்படி ஆவணத்தில்... மறைந்த வழக்கறிஞர் பெயரால்... ஒப்புதல் அளித்த நபர் யார் என்பது... நபர் யார் என்பது... வாதி தரப்புக்கே தெரியாது என்றும்... அந்நபரைக் கண்டுபிடிக்கத் தீவிரமாக...'"

குரல் நின்றது. பிறகு அதே குரல் சட்டத் தமிழை விட்டுவிட்டு, "அய்யய்யோ!" என்றது.

கௌசர் கதவைத் தள்ளினாள். அது குமாரவேலின் வீடு.

துணி போட்டு மூடிய தறிக்குப் பக்கத்தில் குமாரவேல் பாயில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சளவுக்குத் தூக்கிப் பிடித்த போன். எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் யாரும் இல்லை.

"நல்லா மாட்டினீங்க அண்ணே!" என்றாள் கௌசர். "உங்க பேர்ல கேஸு போட்டா, நீங்க சார் பேர்ல டிக் போடுறீங்களா? உங்களைக் கண்டுபிடிக்கத்தான் அந்தத் தாள். அதையும் நீங்களே படிச்சு நீங்களே ஓகே பண்ணப் பார்த்தீங்க!"

குமாரவேல் எழுந்து நின்று கைகூப்பினார். "அம்மா, நீங்கதானே அனுப்பிக்கினு இருந்தீங்க? 'உங்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது'ன்னு போன்ல வந்துக்கினே இருந்துச்சு. சார் இல்லைன்னாலும் நான் செய்யணும்னு நீங்க அனுப்புறதா நினைச்சேன். அன்னன்னிக்குச் செய்ய முடியலை, தறி விடாது. அமாவாசைக்கு உட்கார்ந்து முடிச்சுடுவேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி சங்கரி காபியோடு வந்தாள். "வாங்கம்மா. நீங்களே கேளுங்க இந்தாளை. அமாவாசைக்கு அமாவாசை அந்த நாற்காலியைப் பார்த்துப் பேசுறாரு. ஒவ்வொரு வரிக்கும் 'சரிதானே சார்'ன்னு கேட்கிறாரு. நாற்காலி ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு டிக் போட்டுடுறாரு."

"ஆட்சேபணை இல்லைன்னா அனுமதிதான்," என்று கௌசர் முனகினாள். "சட்டப்படி சரி."

"சார் பேர்ல உங்க போன்ல எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள் புவனேஸ்வரி.

"சார்தாம்மா போட்டுக் குடுத்தாரு. சாயங்காலம் கோர்ட் விட்டு இங்க வந்து உட்காருவாரு. நான் படிப்பேன். எல்லாம் சரின்னா, 'போடுப்பா டிக்கு'ம்பாரு. டிக்கு எங்க இருக்குதுன்னு சாருக்குத்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலங்களில் நமச்சிவாயம் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வரும்போது நெற்றியில் விபூதி இருக்காது. புவனேஸ்வரி அதைக் கவனித்திருக்கிறாள்; வியர்வையில் அழிந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"படிக்கத் தெரிஞ்சவருக்கு நீங்க எதுக்குப் படிச்சுக் காட்டினீங்க?"

குமாரவேல் தரையைப் பார்த்தார். "அதை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சார் கையடிச்சு வாங்கிக்கினாரும்மா."

"சொல்ல வேணாம். நானே சொல்றேன். தப்பா இருந்தா மட்டும் தலையாட்டுங்க."

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெள்ளைத் தட்டுல வெள்ளை இட்லி. எத்தனை இருக்குதுன்னு என்னைக் கேட்டாரு. பச்சை இலைன்னா கேட்கவே மாட்டாரு, இட்லி தெரியும். செருப்பைக் காலால தேடினாரு. காகிதத்துல எழுத்தைப் பெரிசாக்க முடியாது, திரையில முடியும். அதனாலதான் கேஸ்மேடை வாங்கினாரு. எழுத்தை ஏத்தி ஏத்திக் கடைசி அளவுக்குப் போயாச்சு, அதுக்கப்புறமும் பத்தலை. பேப்பர் பார்க்காத வக்கீல்னு ஊரே மெச்சிச்சு." நாற்காலியின் கையைத் தடவினாள். "பார்த்தா மட்டும் என்ன தெரிஞ்சிருக்கும்? அவருக்குக் கண்ணு போயிடுச்சு."

குமாரவேலின் தலை அசையவில்லை.

அசைந்தது கௌசர்தான். காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "மேடம், என்னையும் தினம் சத்தமாப் படிக்கச் சொல்வாரு. 'ஜூனியர்னா வாய்விட்டுப் படிக்கணும், அப்பதான் கோர்ட்ல நாக்கு குழறாது'ம்பாரு. டிரெயினிங்குன்னு நினைச்சுக்கினு இருந்தேன்." டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டு, "நல்ல டிரெயினிங்தான். அதுக்கப்புறம் என் வாய் நிக்கவே இல்லை," என்றாள்.

"நீ எழுதினதை நீயே படிச்சா தப்பு மாட்டாதுன்னு கடைசித் தடவைக்கு இவரைப் பிடிச்சிருக்காரு," என்றாள் புவனேஸ்வரி. "சின்னச் சின்னதா உளவாளி வச்சு வக்கீல் தொழில் பண்ணியிருக்காரு மனுஷன். வீட்டுல நான் ஒருத்தி சி.ஐ.டி.ன்னு பேர் வாங்கிக்கினு இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவளே சிரித்தாள். சங்கரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கூடச் சிரித்தாள்.

தெருவில் வெளியே வந்ததும் கௌசர் கேட்டாள்: "நாளைக்குக் கோர்ட்ல என்ன சொல்றது மேடம்? கட்சிக்காரர் தன் தாளைத் தானே படிச்சாரு, அவ்வளவுதான்னு சொல்லிடலாம். அதுவும் நிஜம்தான். சார் கண்ணைப் பத்தி வெளிய வரவே வேணாம். அந்தப் பேரு அப்படியே இருக்கட்டும்."

"சார் தன் கணக்கை ஏன் கட்சிக்காரர்கிட்ட குடுத்தாருன்னு தினகரன் கேட்பாரு. அதுக்கு ஒரு பொய் சொல்லணும். அந்தப் பொய்க்கு இன்னொண்ணு. அங்க நிக்கிற கேட்டைப் பாரு. அது நிஜத்தை நம்பித்தான் திறந்திருக்குது."

"குமாரவேல் அண்ணன் சத்தியம் பண்ணியிருக்காரே?"

"அவர்தானே பண்ணாரு? என்கிட்ட சார் எதையும் சொல்லவே இல்லை. சொல்லாத விஷயத்தை ரகசியமா வச்சுக்கன்னு எப்படிக் கேட்டிருக்க முடியும்? எனக்குத் தடையுத்தரவு கிடையாது."

கௌசர் நடப்பதை நிறுத்தினாள். "மேடம், நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்."

"பக்கத்துலயே இருந்தேனே. அது போதாதா?"

திங்கட்கிழமை புவனேஸ்வரி கூண்டில் ஏறி இருந்ததை இருந்தபடி சொன்னாள். இட்லியிலிருந்து ஆரம்பித்தாள். ஜட்ஜம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு குமாரவேலை அழைத்தார்.

"டிக் போட்டது நீங்களா?"

"ஆமாங்கம்மா."

"எதுக்கு?"

"படிச்சேங்கம்மா. நான் சொன்னது எல்லாம் அப்படியே இருந்துச்சு. சரின்னு போட்டேன்."

ஜட்ஜம்மா தினகரன் பக்கம் திரும்பினார். "வாக்குமூலம் கொடுத்தவரே அதைச் சரின்னு சொல்றார். அதைவிடப் பெரிய ஒப்புதல் யார் தரணும்னு எதிர்பார்க்கிறீங்க?"

தினகரன் நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு, கையில் இருந்த கேஸ் கட்டை மேசைமேல் வைத்தார்.

"யுவர் ஆனர், ஒரே ஒரு சந்தேகம். நான் குறுக்கு விசாரணைக்கு எழுந்தா எல்லா வக்கீலும் என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சமாவது பயப்படுவாங்க. நமச்சிவாயம் மட்டும் சிரிச்சுக்கினே உட்கார்ந்திருப்பார். அது ஏன்னு எனக்கு இத்தனை நாளா விளங்கலை." கூண்டைப் பார்த்தார். "என் மூஞ்சி தெரியலைங்கிறதாலதானாம்மா?"

முதலில் சிரித்தது டவாலி. அடுத்து பின்வரிசை ஜூனியர்கள். அவர்களில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒருவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். தினகரன் மெமோவைத் திரும்பப் பெற்றார். தடையுத்தரவு நீடித்தது. கேட் திறந்தே இருந்தது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை குமாரவேலின் பாவு அதைத் தாண்டி நீண்டு கிடந்தது.

அன்று மாலை ஆபீஸில் கௌசர் வேலையை முடித்துப் போட்டாள். குமாரவேலுக்கு அவர் பேரிலேயே ஒரு கணக்கு திறந்தாள். இறுதி ஒப்புதலுக்குத் தன் பேரைப் போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை கை வந்தது. சாரின் கணக்குக்குப் பாஸ்வேர்டை மாற்றி அதைப் புவனேஸ்வரியிடம் கொடுத்தாள். பழைய கட்டுகளை எடுக்க அவளுக்கு வேண்டும். வாசல் பலகையும் மாறியது. லோகாம்பாள் இப்போது ஒரு இலைதான் வைத்துவிட்டுப் போகிறாள்.

"மேடம், இந்த எழுத்தைச் சின்னதாக்கட்டுமா? ஒரு பக்கம் படிக்கிறதுக்குள்ள விரல் தேஞ்சுடும்."

"இருக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்."

புவனேஸ்வரி தினமும் அதைத் திறக்கிறாள். எழுத்தெல்லாம் எலுமிச்சம்பழம் பருமன். ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் பிடிக்கிறது.